குடைப் பரீட்சை

"இன்னும் ஒரு நூல் தேயணும்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அவர் மேஜையின் ஓரத்தில் கத்தியால் கீறிய கோடு ஒன்று இருந்தது. புதுப் பென்சில் கேட்டு வருகிறவர்கள் பழைய பென்சிலை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். கோட்டுக்குள் அடங்கினால் புதுசு கிடைக்கும். தாண்டினால், போய் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

"பிடிச்சு எழுதவே முடியல சார், விரல் வலிக்குது" என்று கெஞ்சினார் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்.

"விட்டா நாளைக்கே நாலு பென்சில் உங்க வீட்டுக்குப் போயிடும். நான் உங்களை மட்டும் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

டிராஃப்ட்ஸ்மேன் முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர்கீப்பர் அலமாரியைப் பூட்டினார், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார், வாசல் சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டு சொட்டு நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை காலை புது மேனேஜர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அந்த அலமாரிக்குப் பூட்டு எதுக்கு?"

ஸ்டோர்கீப்பருக்குக் கேள்வியே புரியவில்லை. மூக்கு எதற்கு என்று கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பார்.

"திறந்து போட்டுடலாம். வேணுங்கறவங்க வேணுங்கறதை எடுத்துக்கட்டும். நீங்க அடுத்த திங்கள்லேருந்து தபால் பிரிவைப் பாத்துக்குங்க."

தபால் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டூலும் ஒரு பசைப் புட்டியும்.

"மேடம், மனுஷ சுபாவம் உங்களுக்குத் தெரியல. யாரும் பாக்கலேன்னா கை தானா நீளும். பிறவியிலேயே வர்றது. மாத்த முடியாது."

"பிறவியில வர்றது பசியும் தூக்கமும்தான். மத்ததெல்லாம் பழக்கம். திருடன்னு நினைச்சுப் பூட்டி வச்சா, திறக்கணும்னுதான் தோணும்."

"சொல்ல நல்லா இருக்கும் மேடம். செஞ்சு பாத்தாத் தெரியும்."

"செஞ்சு பாத்துடுவோம்" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். உங்க பொருள் ஒன்னை எங்க வேணா விட்டுட்டு வாங்க. போச்சுன்னா பூட்டும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. திரும்பி வந்துச்சுன்னா சாவியை என்கிட்ட குடுத்துடுங்க."

ஸ்டோர்கீப்பர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். இதைவிடச் சுலபமான பரீட்சையை அவர் எழுதியதே இல்லை. கையில் குடை இருந்தது. கேன்டீன் மூலையில் சாய்த்துவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள், பெருக்குகிற அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன சார் இப்படி மறதி? பாவம், வயசாகுதுல்ல."

குடை திரும்பியதைவிட அந்த "பாவம்"தான் அவரை அதிகமாகச் சுட்டது.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும், பயந்துக்கிட்டுக் குடுத்துடறாங்க" என்று வீட்டில் மனைவியிடம் விளக்கினார். "நாளைக்குப் பஸ்ல விடப்போறேன்."

"நம்ம குடையையா?" என்று மனைவி சிரித்தாள். "ஒரு கம்பி தொங்குமே. அதைச் சும்மா குடுத்தாலும் எவன் எடுப்பான்?"

"இப்ப தொங்கல. வெள்ளிக்கிழமை மழையில விரிச்சேன், ஜம்முனு நின்னுச்சு."

"தானா சரியாயிடுச்சா?"

"நம்மகூடவே இருந்தா நம்ம ஒழுங்கு அதுக்கும் வராதா?"

"நல்லா இருக்கே கதை. மனுஷன் திருந்த மாட்டான், குடை மட்டும் திருந்துமாக்கும்."

செவ்வாய்க்கிழமை குடையைப் பஸ் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பியது. அவர் நிம்மதியாக நாலு அடி வைத்தார். பின்னால் விசில் ஊதியது, பஸ் நின்றது. குடை கைமாறிக் கைமாறிக் கடைசி ஜன்னல் வழியாக நீண்டது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"பெரியவரே, இப்படியா விட்டுட்டுப் போவீங்க?" என்றார் கண்டக்டர்.

"என்னோடது இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இவரோடதுதான், மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தார்" என்று ஜன்னலிலிருந்தே சாட்சி சொன்னார்.

புதன்கிழமை முடிவெட்டும் கடையில் விட்டார். மறுநாள் காலை கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். சும்மா வரவில்லை. குடையைத் துடைத்து, கம்பிகளுக்கு எண்ணெய் போட்டு, பொத்தானை இறுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இத்தனை வருஷத்துக் குடைன்னு சொல்ல முடியாது. ஒரு கம்பிகூட வளையல. பொருளை வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும் சார்."

ஸ்டோர்கீப்பருக்கு அழுகை ஒருபக்கம், பெருமை ஒருபக்கம். மனைவியின் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே பெருமைப்பட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போகும் வழியில் பூங்கா பெஞ்சில் குடையை வைத்துவிட்டு, எதிர் பெஞ்சில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒருவர் வந்தார். குனிந்தார். எடுத்தார்! ஸ்டோர்கீப்பரின் நெஞ்சு துள்ளியது. மனித சுபாவம் கடைசியில் அவரைக் கைவிடவில்லை.

எடுத்தவர் பூங்கா முழுக்க ஒவ்வொரு பெஞ்சாக, "உங்க குடையா? உங்க குடையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் பேப்பரைத் தட்டி அவரையும் கேட்டார்.

"இல்லவே இல்லை!" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"அப்ப எதிர்ல இருக்கற ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடறேன்."

அந்த எதிர் ஆபீஸ் அவருடைய ஆபீஸ்தான். அவர் உள்ளே நுழையும்போது குடை அவர் மேஜையில் காத்திருந்தது. மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டிராஃப்ட்ஸ்மேன் மட்டும் இந்த வேடிக்கையைப் பார்க்கவில்லை. வாரம் முழுக்க லீவு. ஒரு பென்சிலுக்காகவா இவ்வளவு கோபம் என்று ஸ்டோர்கீப்பர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாடிப்படி அடியில் எட்டிப் பார்த்தார். பசைப் புட்டியின் மூடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நிமிரும்போதெல்லாம் படி தலையில் இடிக்கும். இந்த உலகத்தில் ஒரே ஒரு அயோக்கியன் போதும் அவருக்கு. அந்த ஒருத்தன்கூட அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நாளைக்கு நம்ம ஆபீஸ் வராந்தாவுல என் குடை இருக்கும். அதை நீ திருடிடணும்."

"கேட்டாக் குடுத்துடப் போறீங்க, எதுக்கு அத்தான் திருடணும்?"

"கேட்டு வாங்கினா அது செல்லாது. யாரும் பாக்காம எடுக்கணும்."

மச்சினன் நல்ல பையன். அதுதான் கோளாறு. நல்ல பையன்களுக்குத் திருட்டு வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வராந்தாவில் கால்மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான், குடையைத் தொட்டான், வியர்த்தான், "மன்னிச்சுக்குங்க" என்று காற்றிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். வாட்ச்மேன் நாலே எட்டில் பிடித்துவிட்டார்.

ஆபீஸே கூடிவிட்டது. குடையும் கையுமாக மச்சினனை மேனேஜர் முன்னால் நிறுத்தினார்கள்.

"சார்" என்றார் மேனேஜர், முகம் வாடிப்போய். "நீங்க சொன்னது சரியாப் போச்சு. இவரை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். பூட்டு நிலைக்கும், நாற்காலி நிலைக்கும், மேஜையில் கீறிய கோடு நிலைக்கும். ஸ்டோர்கீப்பர் வாயைத் திறந்தார். மச்சினன் காது வரைக்கும் சிவந்து, அழுதுவிடுவான்போல நின்றான். காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான் அந்த மடையன்.

"தெரியும் மேடம்" என்றார் ஸ்டோர்கீப்பர். "என் சம்சாரத்தோட தம்பி. அவன் மேல தப்பில்ல. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது. வாட்ச்மேன் மச்சினனின் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்துவிட்டார். குடையை யாரோ ஸ்டோர்கீப்பரின் கையில் கொடுத்தார்கள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினார்.

"அப்ப ஒத்துக்கறீங்களா?" மேனேஜர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒத்துக்கறேன் மேடம். பிறவிச் சுபாவம்னு ஒன்னும் கிடையாது. அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிற ஆள் இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூடக் கிடையாது."

அப்போதுதான் வாசலில் இருமல் சத்தம் கேட்டது. கழுத்தில் மப்ளருடன் டிராஃப்ட்ஸ்மேன் நின்றிருந்தார். ஒரு கையில் அதே கட்டைப் பென்சில். இன்னொரு கையில், ஆணியிலிருந்து அப்போதுதான் எடுத்த கறுப்புக் குடை. அதில் ஒரு கம்பி தொங்கியது. அவர் பார்வை ஸ்டோர்கீப்பரின் அக்குளுக்குப் போய், அங்கேயே நின்றது.

"போன வெள்ளிக்கிழமை மழையில உங்க தொங்கல் குடை ஒன்னுதான் சார் ஆணியில மிச்சம் இருந்துச்சு, அடுத்தவங்க பொருளாச்சேன்னு அதைத் தொடாம நனைஞ்சு போய் ஒரு வாரம் ஜுரத்துல கிடந்தேன். பென்சில் குடுக்கலேன்னாப் போகுது, என் குடையையாவது குடுத்துடுங்க!"