பெல்ட்டை நிறுத்திய பேரன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் விடாமல் தேடிப் பாருங்கள், ஐம்பத்தெட்டு வயதில் 'பேரன்' என்று கூப்பிடப்பட்ட மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் என் எதிர் குவார்ட்டர்ஸ்காரர். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "பேரனுக்குப் பேரன் பொறந்துட்டான்" என்று எங்கள் தெருவே லட்டு தின்றது. அதற்குப் பிறகும் அவர் பேரன்தான். ரேஷன் கடையில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் தாத்தா வந்துவிடுவார். "கேஸ் வந்துச்சாண்ணே?" என்று கேட்டால், "வரல தங்கச்சி. வராட்டி என்னா? எங்க தாத்தா தலைமறைவா இருக்கசொல்ல பச்சைக் கெழங்கத் தின்னுக்கினு இருந்தாரு" என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அவருக்கு யாருண்ணே சிலிண்டர் புக் பண்ணது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

தாத்தா கதை இதுதான். பண்ணையில் கூலி நெல் அளக்கிற படிக்குள் பொய்யாக இன்னொரு தட்டை வைத்து அடித்திருந்தார்கள். வெளியே பார்த்தால் முழுப்படி, உள்ளே முக்கால்கூட இல்லை. செங்கொடி பிடித்துக் கூலிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த தாத்தா அதைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் களத்தில் எல்லோர் கண்ணெதிரே படியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். போலீஸ் வலை வீசியது. அதற்கப்புறம் ஆளையும் காணோம், படியையும் காணோம். இது பேரன் சொல்லும் வரலாறு.

ஊர் சொன்னது வேறு. அதே வாரம் ஊரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியும் கிளம்பிப் போனதாம். அதில் ஆடின பெண்ணோடு தாத்தா ஓடிவிட்டார் என்றார்கள். இதைக் கிளப்பிவிட்டதே பண்ணை வீடு என்று பேரன் மேஜையைக் குத்துவார்.

இந்த இரண்டு கதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அவருடைய அத்தை, தாத்தாவின் மகள். அப்பா போனபோது அத்தைக்கு ஆறு வயது. அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'ஓடிப்போனவன் மவ'. பெண் பார்க்க வந்தவர்கள் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுக் காபி குடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்கள். கல்யாணம் ஆகவே இல்லை. தாயில்லாத பேரனை வளர்த்தது அவர்தான். இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், நாக்கு மட்டும் புதுப் பிளேடு. "ஓடிப்போனவனுக்கு என்னாடா வரலாறு?" என்று ஒரு போடு போடுவார், பேரன் கப்சிப். ஆனால் என்னிடம் தனியாகச் சொல்வார்: "அது கண்ண மூடறதுக்குள்ள நிரூபிச்சுக் காட்டிடணும் தங்கச்சி. அந்தப் பேரோட அது போவக்கூடாது."

நிரூபிக்க அவர் பிடித்த வழி மனு போடுவது. நான் சுரங்கத்து டைம் ஆபீசில் கிளார்க். டைப் அடிக்கத் தெரியும் என்று சொன்னதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு. காவல்துறைக்கு, கலெக்டருக்கு, ஆவணக் காப்பகத்துக்கு என்று வாரம் ஒரு மனு. எல்லாவற்றிலும் 'மனுதாரர் உறவுமுறை: பேரன்'. பட்டப்பெயர் அங்கே பிறந்ததுதான். கடலூரில் ஒரு அதிகாரி, "இறப்புச் சான்றிதழ் இணைக்கலையே?" என்று கேட்டாராம். "செத்தாரான்னுதாங்க தேடிக்கினு இருக்கேன்" என்றாராம் இவர். "அப்ப அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

இனிமேல்தான் கூத்து. அவர்களுடைய ஊர் இப்போது ஊராக இல்லை, சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலம் கொடுத்த குடும்பம் என்று இவருக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை? அதே ஊரை வெட்டிக் கொட்டுகிற மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர்! தாத்தா கிளம்புவதற்கு முன் படியை வீட்டுக் கொல்லையில் புதைத்திருப்பார், அது என்றைக்காவது பெல்ட்டில் வரும் என்று பேரன் கணக்குப் போட்டுவிட்டார். மற்ற ஆபரேட்டர்கள் பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இவர் பெல்ட்டில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பார். அதற்காகவே தூரப்பார்வைக்கு ஒன்று, கிட்டப்பார்வைக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி.

ஒரு நாள் முதல் ஷிப்ட். மண்ணோடு மண்ணாக வட்டமாக ஒரு இரும்பு தெரிந்தது. அவ்வளவுதான், ஆபத்துக்கு இழுக்கிற கயிற்றை இழுத்துவிட்டார். பெல்ட் நின்றது. அதன் பின்னால் இருந்த அத்தனை பெல்ட்டும் நின்றன. புதிதாக வந்திருந்த சின்ன இன்ஜினியர் போனில் அலறினார்.

"என்னங்க ஆச்சு? ஏன் நிறுத்துனீங்க?"

"தாத்தா வந்துட்டாரு சார்!"

"எங்க வந்தாரு?"

"பெல்ட்டுல சார்! மண்ணுக்குள்ள கீறாரு, பாதிதான் தெரியுது!"

பாவம், அந்தப் பிள்ளைக்குக் கைகால் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, சேஃப்டி ஆபீசர் வந்தார், ஸ்ட்ரெச்சரும் வந்தது. எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, பேரன் கையாலேயே மண்ணைத் தோண்டினார். நசுங்கிய வட்டமான சாமான் ஒன்று வெளியே வந்தது. அதைக் கீழே வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அப்புறம் திறந்தார். உள்ளே முந்தாநாள் எலுமிச்சை சாதம், ஓரத்தில் ஊறுகாய்.

"அண்ணே! அது என் டிபன் டப்பாண்ணே, ரெண்டு நாளா தேடிக்கினு கீறேன்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி குரல் கொடுத்தார்.

பெல்ட் நின்றால் ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், மழை என்று கட்டங்கள் உண்டு. இன்ஜினியர் ரொம்ப நேரம் யோசித்து, 'இதர காரணங்கள்' கட்டத்தில் 'தாத்தா' என்று எழுதினார். நான் கண்ணால் பார்த்தேன். பேரனுக்கு மெமோ வந்தது.

மெமோவைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அத்தை அன்றைக்குத் திட்டவில்லை. "அந்த ஆளால நான் பட்டது பத்தாதா? நீயும் நாலு பேர் சிரிக்க நிக்கணுமா? இனிமே அவரு பேச்சு இந்த வூட்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார். பேரன் தேடுவதை நிறுத்தினார். மூன்று வாரம் அவர் வாயில் தாத்தா வரவில்லை. தெருவே வெறிச்சென்று ஆகிவிட்டது. நானே வலியப் போய், "தாத்தா எப்படிண்ணே?" என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குத் துக்கமாகப் போய்விட்டது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? படியைத் தேடி பெல்ட்டை நிறுத்திய கதை கேன்டீனிலிருந்து மந்தாரக்குப்பம் டீக்கடைகளுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறிப் பண்ருட்டிக்கும் போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை, மெமோவுக்கு டைப் அடித்த மன்னிப்புக் கடிதத்தோடு நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அத்தை ஓரமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டி.வி. அலறிக்கொண்டிருந்தது. வாசலில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர், கையில் கோணிப்பை. பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் பாய்.

"பெல்ட்ட நிறுத்துனவங்க வூடு இதுங்களா?"

"ஆமாங்க பாய். சிரிக்கணும்னா சிரிச்சிட்டுப் போங்க" என்றார் பேரன்.

"சிரிக்க வரலீங்க. குடுக்க வந்தேன்."

கோணியிலிருந்து பலாப்பழம் வரும் என்று பார்த்தால், கறுத்துப்போன ஒரு இரும்புப் படி வந்தது.

பாய் சொன்னார்: "எங்க அத்தா காலத்துல, பலாப்பழ வண்டியில பழத்துக்கு அடியில ஒளிஞ்சிக்கினு ஒருத்தர் வந்தாராம். கையில இந்தப் படி. போலீசு மண்டிக்கும் வந்து தேடுச்சாம். அத்தா காட்டிக் குடுக்கல. காய்ச்சல் கண்டு பத்து நாள்ல போயிட்டாரு. எந்த ஊருன்னு கேட்டதுக்கு, சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்துன்னு கடைசி வரைக்கும் சொல்லலியாம். படிய செல்லக்கிளிகிட்ட குடுத்துடுங்க, அவள இட்டுக்கினு போவ நான் வரத்தான் இருந்தேன்னு சொல்லுங்கன்னு மட்டும் சொன்னாராம். நாங்க இதுல ஒரு முந்திரிகூட அளந்ததில்லீங்க. அந்தச் செல்லக்கிளி யாருன்னுதான் இத்தினி வருசமா தெரியல."

ரேஷன் கார்டில் அத்தையின் பெயர் வேறு. எங்களுக்கும் தெரியவில்லை. பேரன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

காபிக்கு நாலு தரம் கத்தினாலும் காதில் விழாத அத்தை, கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"யாரு என்னக் கூப்ட்டது?"

பேரன் படியை எடுத்து அவர் கையில் வைத்தார். அத்தை உள்ளே கையை விட்டார். பாதி தாண்டியதும் கை முட்டி நின்றது. வெளியே தட்டிப் பார்த்தார், மறுபடி உள்ளே விட்டார். அப்புறம் படியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை மாதிரி அழுதார்.

"எங்க அப்பா ஓடலடா. தொரத்தி இருக்கானுங்கடா."

பேரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தக் கடுதாசியில மன்னிப்புங்கறத அடிச்சிடுங்க. வேற என்னா வேணா எழுதுங்க." நான் கடிதத்தையே கிழித்துப் போட்டேன். படி வந்து சேர்ந்த கதையை அப்படியே புதிதாக அடித்தேன். அதைப் படித்த இன்ஜினியர் மெமோவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரெஜிஸ்டரில் 'தாத்தா' மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் பேரன் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ரொம்ப நல்லவர்கள். சிலிண்டர் வந்ததா என்று கேட்டால், வந்தது என்கிறார்கள். அதோடு சரி. காய்கறி எங்கள் பிளாக் கடையிலேயே கிடைக்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் பையை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குத்தான் போகிறேன். திரும்பி வரும்போது பாதி நாள் காய்கறி வாங்க மறந்துவிடுகிறது.