பூவனலிங்கத்தின் கண்ணாடித் தண்ணீர்

"அண்ணாச்சி, நுரை தொட்டிச் சுவரைத் தாண்டிட்டு!" என்று முத்துசெல்வி கத்தியபோது பூவனலிங்கம் சட்டைக்கு சென்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். புதியம்புத்தூர் பக்கத்துத் துணிச்சலவை ஆலைக்கு உரிமம் புதுப்பிக்கும் நாள். ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ப்ளாண்டுக்குப் பூவனலிங்கம்தான் பொறுப்பு. தண்ணீர் சரியில்லை என்று அதிகாரி எழுதிவிட்டால் ஆலைக்குப் பூட்டு. அறுபது பேர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நுரைக்கெல்லாம் பயந்தா முடியுமா? இந்தா வாரேன்."

அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளரும் தொட்டி அது. நுரை பொங்கி வழிந்து, காற்றில் பறந்து, வேலிக்கு அப்பாலிருந்த மக்காச்சோளக் காட்டில் பருத்தி வெடித்தது போல ஒட்டிக்கிடந்தது.

"நுரை அடக்குற மருந்து ஒரு மூடி ஊத்துதேன்" என்றாள் முத்துசெல்வி. ஆய்வகத்துப் பெண், எதையும் அளந்துதான் ஊற்றுவாள்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்று கேனைப் பிடுங்கி, மொத்தத்தையும் கவிழ்த்தார் பூவனலிங்கம்.

நுரை பொட்டென்று அடங்கியது. 'பாத்தியா?' என்பது போல அவர் திரும்பினார். அவளோ அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய வடிகட்டுத மெம்பிரேன் அடைக்குது அண்ணாச்சி. அந்த மருந்து எண்ணெய்ப் பசை. கண்ணுக்குத் தெரியாத துளையில எல்லாம் அப்பிட்டு. அதுக்குள்ள இருந்து தண்ணி வர மாட்டேங்கு."

"உறிஞ்சுற மோட்டாரைக் கூட்டி வை. வராம எங்க போவும்?"

"வேண்டாம் அண்ணாச்சி, அது..."

அவரே கூட்டி வைத்தார். மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

"சரி விடு. சுத்தமான தண்ணி நேத்து வரைக்கும் பிடிச்சது கடைசித் தொட்டியில கெடக்குல்லா? அதக் காட்டிருவோம்."

"அத ஓடையில திறந்து விட்டுட்டுத் தொட்டியக் கழுவச் சொன்னது நீங்கதான? விடிஞ்சதும் விடியாததுமா?"

தொட்டி பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பூவனலிங்கம் அசரவில்லை. தண்ணீர் லாரி ஓட்டும் சோலைராஜுக்குப் போன் போட்டார். "எங்கன பிடிச்சாலும் சரிடே. தெளிவா இருக்கணும், உடனே வரணும்."

"லோடு ரெடியா நிக்கி அண்ணாச்சி. கண்ணாடி மாதிரித் தண்ணி!"

முத்துசெல்விக்கு முகம் சுருங்கியது. "இது தப்பு அண்ணாச்சி. உள்ளதச் சொல்லி இன்னொரு நாள் கேப்போம்."

"நம்ம ப்ளாண்டு நல்லாப் படிக்கிற பிள்ளை. இன்னைக்கு அதுக்குக் காய்ச்சல். அதுக்காவ வேற ஒருத்தன் பரிச்சை எழுதுதான், அம்புட்டுதான்."

லாரி வந்தது, கழுவிய தொட்டியில் ஊற்றியது. சோலைராஜ் ஓஸைச் சுருட்டி முடிப்பதற்குள் அதிகாரி செல்வலட்சுமியின் ஜீப் உள்ளே நுழைந்தது.

அவர் நேரே தொட்டிக்குப் போனார். தண்ணீரை மொண்டு கருவிகளை விட்டுப் பார்த்தார். நம்பாமல் மறுபடி மொண்டார். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டு, குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இந்த வட்டாரத்துல எந்த ஆலையிலயும் இப்படித் தண்ணி நான் பார்த்ததில்ல. எப்படிச் செய்றீங்க?"

"பெத்த பிள்ளை மாதிரிப் பாக்குதேன் மேடம்" என்று நின்றுபோன மோட்டாரைத் தடவிக்கொடுத்தார் பூவனலிங்கம்.

அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் லாரி அவர் கண்ணில் பட்டது.

"இந்த லாரிக்கு இங்க என்ன வேலை? வெளித்தண்ணியை இதுல விட்டீங்களா?"

பூவனலிங்கம் அவசரமாக லாரியை மறைத்து நின்றார். சோலைராஜுக்கோ ரோஷம் வந்துவிட்டது.

"வெளித்தண்ணியா? சத்தியமா இல்ல மேடம்! இவிய ஆலைக்குப் பின்னால ஓடையில விழுத குழாய்லதான் தெனமும் விடியக்காலம் பிடிச்சு, ஊரெல்லாம் கட்டட வேலைக்கு ஊத்துதேன். இன்னைக்கு மட்டும் ஏன் அதத் திருப்பிக் கொண்டாந்து இங்கனயே ஊத்தச் சொன்னாவன்னுதான் எனக்கு வெளங்கல!"