எட்டு மணிக் குரங்கு

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த சொரிமுத்து, உலகத்தைத் திருத்துவது என்று ஒருநாள் தீர்மானித்தான். உலகம் என்றால் தென்காசியில் இருக்கும் அவன் வீடு. எட்டு மணி சீரியலில் உட்கார்ந்தால் மனைவி சங்கரேஸ்வரிக்கு வேறு ஞாபகமே கிடையாது. அவனுக்குத் தினமும் ஆறிப்போன தோசைதான்.

நேரில் சொல்லத் தைரியமில்லை. அதனால் உள்ளூர் கேபிள் டிவி நடத்தும் கடற்கரை என்பவனைப் பிடித்து, கடைச் செலவில் பிள்ளைகளுக்கு ஒரு விளம்பரம் எடுக்கச் சொன்னான். பொம்மைக் குரங்கு ஒன்று வந்து, “குட்டிகளா, எட்டு மணிக்கு டிவியை அணைங்க. வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசுங்க” என்று சொல்லும். கீழே கடைப் பெயர். நாட்டுக்குச் சேவையும் ஆச்சு, கடையில் சேவும் போகும்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்வாதிக்குக் குரங்கு சொன்னதுதான் சட்டம். எட்டு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சொரிமுத்து சிரிப்பை மறைக்க ஃபேனைப் பார்த்தான். சங்கரேஸ்வரி கோபப்படவே இல்லை. சுடச்சுடத் தோசை போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“குரங்கு என்னட்டி சொல்லிச்சு?”

“எல்லாரும் பேசணுமாம்மா.”

“அப்பம் பேசுவோம். ஏங்க, போன வாரம் புளியங்குடிக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போறேன்னிய. அன்னைக்கு நீங்க பழைய குற்றாலத்துல கூட்டாளியளோட குளிச்சதா பக்கத்து வீட்டு சுகிர்தம் சொல்லுதா. எலுமிச்சம்பழம் என்ன, அங்கன அருவியிலயா விழுது?”

சொரிமுத்து இன்னொரு தோசை கேட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தான். அடுத்த நாள் அவன் தங்கச்சி வீட்டு விசேஷம் பேச்சுக்கு வந்தது. அதற்கடுத்த நாள், கல்யாணத்துக்கு முன்னால் அவன் அளந்துவிட்ட கதைகள். மெதுவாக எழுந்து வாசலுக்கு நழுவினால், “எல்லாரும்னா அப்பாவும்தான்” என்று ஸ்வாதி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கடைசியில் அவனே சீரியலைப் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

“பிள்ளைக்குத் தப்பா வழிகாட்டாதிய” என்றாள் சங்கரேஸ்வரி. சீரியலை அவள் மறுநாள் மத்தியானம் போனில் பார்த்துவிடுகிறாளாம், அவன் கடைச் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு.

காலையில் முதல் வேலையாகக் கடற்கரையிடம் ஓடி, அந்தக் குரங்கை உடனே நிறுத்தச் சொன்னான்.

கடற்கரை தலையைச் சொறிந்தான். “மதினி நேத்தே வந்துட்டாவளே அண்ணாச்சி. ஒரு வருசம் ஓடட்டும்னு கடைக் கணக்குல எழுதச் சொல்லிட்டாவ. அடுத்த விளம்பரம் பாத்திரம் கழுவுத அப்பாவாம். அதுக்குப் பொம்மை வேண்டாம், நீங்களே போதும்னுட்டாவ.”