மச்சான் காரைத் தாழ்த்திய விபரம்

கோவில்பட்டி
20-11-1961

கொழும்பில் தொழில் நடத்திவரும் என் மரியாதைக்குரிய மச்சான் ஜனாப் பிச்சை முகம்மது அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை நபீசாவின் கணவன், ஜவுளிக்கடை அப்துல் சுபஹான் சலாம் கூறி எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் இங்கே நான், நபீசா, எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான பதருன்னிசா, தங்கள் தாயார் யாவரும் சுகம். தாங்கள் என் பொறுப்பில் விட்டுச் சென்ற பிளசர் காரும் சுகம். தங்கள் சரீர சுகத்துக்கும் வியாபார விருத்திக்கும் ஐந்து வேளையும் துஆச் செய்து வருகிறோம்.

கார் சுகம் என்று எழுதியது கடித வழக்கத்தை ஒட்டி. நடந்ததை இனி ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நம் பதருன்னிசாவுக்கு எட்டயபுரத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. நிக்காஹ் தேதி குறிக்கப் பெரியவர்கள் போகவேண்டியதுதான் பாக்கி. தங்கள் தாயாராகிய மாமி இல்லாமல் தேதி குறிக்கக் கூடாது என்று நபீசா சொல்லிவிட்டாள். மாமிக்கோ முட்டுவலி, தங்கள் காரோ நல்ல உயரம். முக்காலி போட்டு ஏற்றிப் பார்த்தோம். முக்காலி சரிந்து மாமி என் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். "என் மவன் காரு வாங்கலை, மச்சு வீடு வாங்கி வச்சிருக்கான். நான் வரலை" என்று உள்ளே போய்விட்டார்கள்.

அப்பத்தான் மச்சான், வந்தான் அந்த மெக்கானிக் நந்தகோபால். "இதுக்கா கவலைப்படுதீங்க அண்ணாச்சி? சக்கரத்துக்கு மேல பாருங்க, ஸ்பிரிங் பட்டை வில்லு கணக்கா வளைஞ்சு நிக்குது. மதுரையில புதுத் தினுசு பட்டை வந்திருக்கு, படுத்தாப்புல இருக்கும். மாத்திட்டா காரு நாலு விரக்கடை இறங்கிரும்" என்றான். மச்சானுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுக்கிடுதேன் என்றேன். "கொழும்புல இருந்து பதில் வாரதுக்குள்ள மாப்பிள்ளைக்கு வேற எடத்துல பிள்ளையே பெறந்திரும்" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

நாலு விரக்கடை என்றவன் கையில் அது ஒரு சாண் இறங்கிவிட்டது. அடைக்குப் படுத்த கோழி மாதிரி கார் கடை வாசலில் கிடந்தது. ஆனால் மச்சான், மாமி நடந்து வந்து அப்படியே உள்ளே உட்கார்ந்தார்கள். "இதுல்லாய்யா காரு!" என்றார்கள். கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மாமி என்னை மெச்சினது அன்னைக்கு ஒருநாள்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் மறைச்சிட்டுது.

மறுநாள் காலையில கிளம்பினோம். மாமி, நபீசா, நான், கடம்பூர் போளி ரெண்டு கூடை, நந்தகோபாலே ஓட்டுனான். முந்தின ரெண்டு நாளும் அடைமழை. வழியில ஓடைப்பாலம் உடைஞ்சு பஸ்ஸெல்லாம் நிக்குது. காட்டுக்குள்ள வண்டித்தடத்துல போயி அந்தப் பக்கம் ஏறிரலாம்னான். கரிசக்காட்டு வண்டித்தடம் உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. பழைய ஒசரமா இருந்தா தாண்டியிருக்கும். இப்ப சக்கரம் பள்ளத்துல, வயிறு மேட்டுல. கொஞ்ச தூரம் மேட்டைக் கிழிச்சுக்கிட்டே போயி, எஞ்சினுக்கு அடியில இருக்க எண்ணெய்த் தொட்டியும் கிழிஞ்சு, கார் படுத்திட்டுது. கதவைத் தொறந்தா பள்ளத்துக் கரை இடிக்குது. நான் ஜன்னல் வழியா வெளிய வந்தேன், வேட்டி கைப்பிடியில நின்னுட்டுது.

பக்கத்துப் புஞ்சையில பொம்பளையளோட களை எடுத்துட்டிருந்த வெயிலம்மாள்னு ஒரு அம்மா, "ஏங்க, இங்கன வந்து பாருங்க, நம்ம காட்டை யாரோ காரை வச்சு உழுதாக!"ன்னு அவிய வீட்டுக்காரர் தங்கப்பாண்டியனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாவ. அவரு வந்து பின்னால ஒரு பார்வை பார்த்துட்டு, "சால் நேராத்தான் விழுந்திருக்கு அண்ணாச்சி. இன்னும் நாலு சால் ஓட்டுங்க, மாட்டுக்கு வேலை மிச்சம்"ங்காரு. உள்ள வயசான அம்மா இருக்காவ, தேதி குறிக்கப் போறோம்னதும் சிரிப்பை விட்டுட்டு மாட்டைக் கொண்டாந்து முன்பக்கத்து இரும்புத் தண்டுல கயித்தைக் கட்டுனாரு. மாடு இழுத்துது. தண்டு மட்டும் மாட்டோட போயிட்டுது.

மாமியை நாலு பொம்பளைய சேர்ந்து ஜன்னல் வழியா எடுத்தாவ. தங்கப்பாண்டியன் மாட்டுவண்டி நம்ம காரை விட ரெண்டு பங்கு ஒசரம் மச்சான், மாமி ஒரே எட்டுல ஏறிட்டாவ. எனக்கு அழுகையே வந்துட்டுது.

எட்டயபுரம் போகையில பொழுது சாய்ஞ்சிட்டுது. மாப்பிள்ளையோட தகப்பனார் எங்க சேத்தைப் பார்த்தாரு. "பத்து மணிக்குக் காருல வாரோம்னு சொல்லிட்டு இந்நேரத்துக்கு மாட்டுவண்டியில வருதீங்க. யோசிச்சுச் சொல்லுதோம்"னாரு. அதோட விட்டிருக்கலாம். மாமி, "யோசிக்க ஒன் தலையில என்னய்யா இருக்கு?"ன்னுட்டாவ. சம்பந்தம் முடிஞ்சுது.

பழைய பட்டையையே போடுலேன்னு நந்தகோபாலைப் பிடிச்சா, இடைசெவல் கொல்லருக்குக் கொடுத்துட்டானாம், அவரு அரிவாளா அடிச்சிட்டாராம். உங்க கார் பட்டை இப்ப எந்தக் காட்டுல கதிர் அறுக்குதோ தெரியலை. மழை வெறிச்சு, கரிசமண்ணு காய்ஞ்சு சக்கரத்தைச் சிமிண்டு மாதிரி பிடிச்சிட்டுது. தங்கப்பாண்டியன் சுத்தி உளுந்து விதைச்சிட்டாரு. முளைச்சிட்டுது, எடுக்கிற வரைக்கும் காரை அசைக்கக் கூடாதுங்காரு. நான் தினமும் சைக்கிள்ல போயி, நோயாளியைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னுட்டு வாரேன்.

நபீசா சோற்றுத் தட்டைத் தள்ளி விடுதா, முகத்தைப் பார்க்க மாட்டேங்கா. பதருன்னிசா பன்னிரண்டு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. என்னைக் கண்டதும் முக்காட்டை வாயில அமுக்கிக்கிட்டு அடுக்களைக்கு ஓடுதா. தோள் குலுங்குது மச்சான். பெத்த மகளை அழ வச்ச பாவி நான்.

தாங்கள் எந்தத் தண்டனை எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். தங்களுக்கும் அங்குள்ள சிநேகிதர்களுக்கும் சலாம். இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் என்னை மன்னிக்கும் மனதையும் தருவானாக.

இப்படிக்கு,
அப்துல் சுபஹான்

பி.கு.: மாமு, இது பதருன்னிசா எழுதுவது. விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லி அத்தா உறையைக் கொடுத்தார்கள். ஒட்டுமுன் வாசித்துவிட்டேன். நான் அழவில்லை மாமு. அந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றே என் புத்தகங்களை எடைக்குப் போடச் சொன்னவர். சம்பந்தம் தட்டிப்போகணும்னு மூணு மாசமாத் தொழுகையில கேட்டுக்கிட்டிருந்தேன். அத்தா வேட்டி ஜன்னல்ல நின்ன கதையை அம்மா சொன்னதுல இருந்து அத்தா முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்திருது, அதான் ஓடுதேன். பாளையங்கோட்டையில ஆசிரியப் பயிற்சிக்கு மனு வாங்கி வச்சிருக்கேன். அத்தா கையெழுத்துப் போடமாட்டேங்காக. போட்டாத்தான் கார் விஷயத்தை மன்னிப்பேன்னு கோபமா ஒரு கடுதாசி எழுதுங்க மாமு. மனுவுக்குக் கடைசித் தேதி அடுத்த மாசம் பத்து. அதுவரைக்கும் அத்தாவை மன்னிச்சிராதீங்க.