பிளஸ் எந்தப் பக்கம்?

திருவனந்தபுரத்திலேயே இடது வலது பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரே மனிதர் எங்கள் ஒர்க்‌ஷாப் மூணுவிரல் சார்தான். அவரோடு பத்து நிமிஷம் பேசினால் மற்ற எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

எண்பதுகளில் கம்ப்யூட்டரில் ஓடும், இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஒன்று எங்களுக்கு வந்தது. அதற்கு புரோகிராம் எழுதும் பொறுப்பு அவருக்கு. மெஷின் நகரும் மூன்று திசைகளையும் விரல்களிலேயே காட்டுவார்: வலது கைக் கட்டைவிரல் எக்ஸ், அதாவது இடம்வலம்; ஆள்காட்டி விரல் ஒய், நடுவிரல் இசட். மூன்றையும் மூன்று திசையில் விறைப்பாக நீட்டிக்கொண்டுதான் பேசுவார். ஸ்ரீவராகத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒருநாள் அவர் நடுவிரல் கண்டக்டரின் காதுக்குள் போய்விட்டது.

"எந்தா சாரே இது!" என்று கண்டக்டர் அலறினார்.

"இசட்டாக்கும்," என்றார் சார்.

அந்த மெஷினில் கட்டர் நின்ற இடத்திலேயே சுற்றும். வெட்டவேண்டிய துண்டைத் தாங்கிய மேஜைதான் இடமும் வலமும் நகரும். எக்ஸ் பிளஸ் பட்டனை அழுத்தினால் மேஜை இடது பக்கம் ஓடியது. ஆபரேட்டரான எனக்குத் தலை சுற்றியது.

"பிளஸ்னா வலது பக்கம்தானே சார் போவணும்?"

"வலது பக்கம்தான்டா போறது. மேஜை நிக்கறது, கட்டர் நகர்றதுன்னு நினைச்சுக்கோ."

"கண்ணு முன்னால மேஜைதானே சார் ஓடுது?"

"அப்போ கண்ணை மூடிண்டு நினை!"

மெஷின்காரனைக் கண்ணை மூடச் சொன்ன ஒரே அதிகாரி அவராகத்தான் இருக்கும். பொறுக்க முடியாமல், அவர் லீவில் போன சமயம் பார்த்து சூப்பர்வைசரிடம் மன்றாடினோம். அவர் செட்டிங்கில் எக்ஸின் திசையையே மாற்றிவிட்டார். இப்போது பிளஸ் என்றால் மேஜை வலது பக்கம் போனது. ஒர்க்‌ஷாப்பே நிம்மதியாக மூச்சு விட்டது.

மறுநாளே லீவு முடிந்து வந்த சார் குதித்தார். "வெட்டற சாமானெல்லாம் கண்ணாடியில பாக்கறாப்பல இடம்வலமா வருமேடா!" யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போனபோது, ஒருவரிடமும் சொல்லாமல் செட்டிங்கைப் பழையபடி ஆக்கிவிட்டார்.

சாப்பிட்டு வந்த நான், மேஜைமேல் துண்டைப் பிடித்திருக்கும் வைஸ் கட்டரைவிட்டு வலது பக்கம் விலகட்டும் என்று பிளஸ்ஸை அழுத்தினேன். வைஸ் நேராக வந்து கட்டரில் மோதியது. கட்டர் உடைந்து, ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். என் புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே, "பாத்தியோ, கட்டர் வலது பக்கமாத்தான் போச்சு," என்றார்.

"சார், ரத்தம் வருது சார்!"

"வரது. ஆனா திசை சரி."

டாக்டர் தையல் ஊசியை எடுத்ததும் மயங்கி விழுந்தது நான் அல்ல, சார். நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் தெளிக்க ஓடினாள்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. கட்டுப்போட்ட தலையோடு நான், விரல் நீட்டிக்கொண்டு அவர்.

மேனேஜர் வெளியே போகச் சொன்னதும் அவர் கேட்டார்: "சார், ஒரு சம்சயம். இப்போ நான் கதவுகிட்ட போறேனா, கதவு என்கிட்ட வரதா?"

"தான் போயா மதி!" என்று மலையாளத்தில் கத்தினார் மேனேஜர். 'நீ போனால் போதும்' என்று நாங்களும் மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டோம்.

மேனேஜர் அவரை ஸ்டோருக்குத் தள்ளியதும், திசையை மறுபடி எங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டோம். அந்த வாரம் வெட்டிய பிராக்கெட்டுகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வலது பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கவேண்டிய பகுதியெல்லாம் இடது பக்கம். மேனேஜரே ஸ்டோருக்கு நடந்துபோய் அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வந்தவர் உடனே செட்டிங்கைத் தொடுவாரா? "மேஜை நிக்கறது, கட்டர் நகர்றது" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னால்தான் தொடுவேன் என்று நின்றார். மேனேஜர் உட்படச் சொன்னோம். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

புருவத்துத் தழும்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதன்பிறகு தினமும் காலையில் நான் மெஷினைத் தொடுவதற்குள் அவரே வந்து முதல் பட்டனை அழுத்திப் பார்ப்பார். அப்போது இடது கையால் என்னை மெல்லப் பின்னால் தள்ளி, தன் முதுகுக்குப் பின்னே நிறுத்திக்கொள்வார்.