அரசர் கழுத்தில் ஒரு கோடு

"படம் ஏறிடுச்சா? அனுப்பிடு நெவ்!" என்று கத்திய பிறகுதான் கிளெனிஸ் கணினித் திரையைப் பார்த்தாள். காசில் இருந்த அரசர் ஆறாம் ஜார்ஜின் கழுத்தில், காதுக்குக் கீழே தொடங்கி விளிம்பு வரை ஒரு கறுப்புக் கோடு; அதன் இடது ஓரம் மட்டும் மினுங்கியது.

"ஐயோ, கீறல்! நிறுத்து, நிறுத்து!"

"கிளென், அது வந்து..." என்றான் கணவன் நெவில்.

"பேசாதே. என்னை யோசிக்க விடு."

நாணயக் கிளப்பின் ஆண்டு மலருக்கு மாலை ஐந்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அட்டையில் மெர்வின் டக்கெட்டின் காசுதான். தேர்ந்தெடுப்பதும் மெர்வின்தான். போன ஆண்டு, காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டதால் ஒரு கோடு மேடாக எழும்பிய அபூர்வமான பென்னியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தான். அந்த எரிச்சல் கிளெனிஸுக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரே ஒரு முறை தன் காசை அட்டையில் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே போன வாரம் சந்தையில் தேடிப் பிடித்தது இந்த 1942 ஃபுளோரின் வெள்ளிக் காசு. அதில் போய்க் கீறல்!

"பக்கத்து வெளிச்சம்தான் காட்டிக் கொடுக்குது" என்று, இடப்பக்க விளக்குக்குத் துணையாக வலப்பக்கமும் ஒன்றை வைத்தாள். இப்போது இரண்டு கோடுகள் தெரிந்தன.

வெளிச்சத்தைப் பரவலாக்க, மூன்று லிட்டர் பாலைச் சூப் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி விளக்குக்குக் குல்லாய் போட்டாள். கோடு மங்கியது. கூடவே அரசரின் மூக்கும் காதும் மங்கி, முகம் பிசைந்து வைத்த மாவாகிவிட்டது.

உள்ளே போன் அடித்தது. பேசிவிட்டு நெவில் ஓடி வந்தான்.

"கிளென், காலைல அந்தப் படம்..."

"கிட்ட வராதே! உன் பச்சை ஸ்வெட்டர் காசுல தெரியுது. பாரு, அரசருக்குப் பாசி பிடிக்குது!"

அடுத்து, காசுக்கு மேலே ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்து வெளிச்சத்தை நேர்கீழே இறக்கிப் பார்க்க முடிவு செய்தாள். வீட்டில் தோதான கண்ணாடி ஒன்றுதான் இருந்தது, சுவரில் ஒரு படச் சட்டத்துக்குள்.

"நம்ம கல்யாணத்தையே கழட்டிட்டியா?" என்றான் நெவில் வாசற்படியிலிருந்து.

"கண்ணாடியை மட்டும்தான். நீ சுவத்துல அப்படியேதான் இருக்கே."

இருபத்தாறு வருடத் தூசி அரசரின் கன்னத்தில் அம்மைத் தழும்பாக விழுந்தது. துடைக்கத் துணியை இழுத்த வேகத்தில் முழங்கை சூப் பாத்திரத்தில் இடிக்க, மூன்று லிட்டர் பாலும் தரையில் ஓடியது. மறுபடியும் போன் அடித்தது.

நெவில் வந்தபோது ஸ்வெட்டர் இல்லை. ஆஸ்திரேலியப் பல்லாரட்டின் ஜூலைக் குளிர்காலத்தில் வெறும் வெள்ளை பனியனோடு பாலில் நின்றான்.

"இப்பவாவது சொல்லலாமா?"

"டீ கேட்கப் போறே. பால் கிடையாது. கண்ணாடியைப் பிடி, நடுங்காதே!"

பிடித்தான். நடுங்கினான். படங்களில் அரசரும் நடுங்கினார். மூன்றாம் முறை போன் அடித்ததும் கண்ணாடியை வைத்துவிட்டு ஓடினான். கிளெனிஸ் அதைச் சமையல் புத்தகங்களின் மேல் சாய்த்து நிறுத்தி, மூச்சைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் அரசர் வந்தார். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக இருந்தது. கழுத்து பச்சைக் குழந்தையின் கழுத்துப்போல வழுவழுவென்று, கோடே இல்லாமல் இருந்தது. மணி நாலு ஐம்பது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அனுப்பு நெவ்! இந்தத் தடவை அந்த மெர்வின் வாயைப் பிளப்பான்."

நெவில் கணினியைத் தொடவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, பால் வழியும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இதை அனுப்ப வேண்டாம் கிளென்."

"ஏன்?"

"காலைல நீ 'நிறுத்து'ங்கறதுக்குள்ள அந்தக் கோட்டுப் படம் போயிடுச்சு. அதுலேருந்து மெர்வின் மூணு தடவை கூப்பிட்டுட்டான்: 'விளக்கு இருந்த பக்கம்தான் கோடு மின்னுது, அது கீறல் இல்ல, அச்சு விரிசல்ல வந்த மேடு, இந்த வருஷ அட்டை அவளுக்குத்தான், தயவுசெஞ்சு வேற படம் மட்டும் அனுப்பிட வேண்டாம்னு சொல்லு'ன்னு!"