முள்ளும் முதுகும்

விமானம் இடப்பக்கம் சாய்கிறது என்றது முதுகு. நேராகத்தான் போகிறது என்றது கருவிப் பலகையின் முள்.

பயிற்சி விமானி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். கண்ணாடிக்கு வெளியே மேகம். மேலே, கீழே, இரு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை.

"முள் என்ன சொல்லுது?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து தேர்வாளர் கேட்டார்.

"நேரா போகுதுன்னு சொல்லுது சார்."

"நீ என்ன சொல்றே?"

"சாயுது சார்."

"உன்னை யாரு கேட்டா?"

நியாயம்தான். அவர்கள் இருந்தது வானத்தில் அல்ல. பயிற்சிப் பள்ளியின் ஒரு கூடத்தில், இரும்புக் கால்கள்மேல் நிற்கும் ஒரு பெட்டிக்குள். உள்ளே இருக்கை, கைப்பிடி, முட்கள் எல்லாம் நிஜ விமானத்தில் இருப்பவை. மேகம் மட்டும் படம். கைப்பிடியைத் திருப்பினால் கால்கள் மடங்கி நீண்டு பெட்டியைச் சாய்க்கும். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. அவன் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தான். இன்றும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதுகூடப் பரவாயில்லை. அவனுடைய அண்ணனும் விமானிதான். ஒரு மழைநாளில் மேகத்துக்குள் போனவர் வெளியே வரவில்லை. கருவிகளில் கோளாறே இல்லை என்றார்கள் விசாரித்தவர்கள். முள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அண்ணன்தான் தன் உடம்பு சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

காலையில் அண்ணி போன் செய்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"ம்."

"முள்ளை மட்டும் பாருங்க. உங்கண்ணன் என் பேச்சையும் கேட்டதில்லை, முள்ளு பேச்சையும் கேட்கலை." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. வைத்துவிட்டாள்.

ஆனாலும் முதுகு விடுவதாக இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று கைப்பிடியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், வலப்பக்கம் திருப்பினான். முதுகுக்கு நிம்மதி. முள் வலப்பக்கம் படுத்துக்கொண்டது. விமானத்தின் மூக்கு இறங்கியது, வேகம் ஏறியது. பதறிப்போய் மூக்கைத் தூக்க இழுத்தான். சாய்ந்த விமானத்தை இழுத்தால் அது மேலே ஏறாது, இன்னும் இறுக்கமாகச் சுழன்று இறங்கும். அப்படித்தான் இறங்கியது. என்ஜின் ஊளையிட்டது.

தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கருங்கல். எவனாவது மலையில் கொண்டுபோய் மோதினாலும் அவர் முகத்தில் ஒன்றும் அசையாது. "செத்துட்டே. அடுத்த ஆளு" என்பார். அந்தக் கருங்கல் இப்போது இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"மெதுவா."

"சரி சார்."

"மெதுவாங்கறேன்ல. இடப்பக்கம் கவுறுது பாரு. வலப்பக்கம் திருப்பு."

தேர்வாளரே சொல்கிறாரே என்று திருப்பினான். முள் இன்னும் வலப்பக்கம் சரிந்தது. உயரம் காட்டும் முள் பைத்தியம் பிடித்த கடிகாரம்போல் பின்னோக்கிச் சுற்றியது.

"இன்னும் திருப்பு." கருங்கல் ஒரு காலைத் தூக்கி முன்பலகையில் ஊன்றிக்கொண்டார்.

"சார், முள் வேற சொல்லுது."

"முள்ளு கிடக்குது. நான் சொல்றேன்ல, தலைகீழாப் போறோம்டா."

பயிற்சி விமானியின் வயிறும் அதையேதான் சொன்னது. இரண்டு ஆட்களின் உடம்பு ஒரு பக்கம், விரல் நீள முள் ஒரு பக்கம். அண்ணனுக்கும் யோசிக்க இவ்வளவு நேரம்தான் கிடைத்திருக்கும் என்று தோன்றியது. அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை.

இழுத்த கையைத் தளர்த்தினான். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினான். தொலைந்தோம் என்றது முதுகு. கருங்கல் அதை வாய்விட்டே சொன்னார். இன்னும் சில சொற்களும் சொன்னார். அவை பள்ளியின் பாடத்திட்டத்தில் இல்லாதவை.

முள் மெல்ல எழுந்து நேராக நின்றது. மூக்கைத் தூக்கினான். உயரம் நிலைத்தது. மேகம் கிழிந்தபோது ஓடுபாதை விளக்குகள் எதிரே வரிசையாக இருந்தன.

விமானம் ஓடுபாதையில் இறங்கி நின்றது. தேர்வாளரின் டை முதுகுப் பக்கம் போயிருந்தது. மூக்குக் கண்ணாடி இருக்கைக்கு அடியில் கிடந்தது.

"ஃபெயில்" என்றார்.

"சார், முள்ளெல்லாம் கடைசியில சரியா..."

"முள்ளைப் பத்திப் பேசாதே. என் கழுத்தைப் பாரு, திரும்ப மாட்டேங்குது. என்ன ஆட்டு ஆட்டிட்டே. பின்னாடி பயணிங்க இருந்திருந்தா ஒருத்தருக்கும் எலும்பு மிஞ்சியிருக்காது. உன்னை நம்பி சைக்கிள்கூடத் தர முடியாது."

அந்த ஆட்டம் முழுவதும் அவன் வயிற்றில் இன்னும் இருந்தது. அண்ணிக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அவர் பின்னால் போனான்.

தேர்வாளர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினார். எதிர் பெஞ்சில், அடுத்த பரீட்சைக்கு வந்திருந்த பெண் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீயாவது ஒழுங்கா ஓட்டும்மா. பார்த்தேல்ல, இவன் ஆட்டின ஆட்டத்தை?"

அவள் எழுந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதை சார்? பெட்டியோட காலை ஆட்டுற மோட்டார் ரிப்பேராம், பெட்டி காலையிலேருந்து அசையவே இல்லை. நீங்க எப்ப ஆரம்பிப்பீங்கன்னுதான் நானும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்."